வளவு வீட்டுக்கு எந்த டெரியர்?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் அயித்தானின் (என் அக்காள் கணவர்) பூர்வீக வீடு பல வருடம் பூட்டியே கிடந்தது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பார்கள். இந்த வருடம் ஆச்சியும் (எங்கள் பக்கம் அக்காளை அப்படித்தான் அழைப்போம்) அயித்தானும் சென்னை ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே குடிவந்துவிட்டார்கள். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, தோட்டம் என்று நீண்டுகொண்டே போகும் வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இருப்பதோ இரண்டு பேர். வந்த முதல் வாரமே பெருச்சாளி தோண்டிய மண் தோட்டத்தில் மூன்று இடத்தில் குவிந்து கிடந்ததாம். மாடியில் பழைய சாமான் வைத்திருக்கும் அறையில் எலி.

ஆச்சி போனில் கேட்டார்கள்: “தம்பி, அயித்தானுக்கு நாய் வேணுமாம். சின்னதா இருக்கணும், எலியும் பிடிக்கணுமாம். டெரியர்தான் வேணும்னு நிக்கிறாக. எதை வாங்குறது? நீதான் சொல்லணும்.”

அயித்தானுக்கு அந்த ஆசை வந்த கதை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு வளவில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. இசைத்தட்டின் நடுவில், குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயைப் பார்த்தே வளர்ந்தவர். ‘நாய் மார்க் பிளேட்டு’ என்றுதான் அதைச் சொல்வார்கள். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன்கூடப் படம் எடுக்கப் போவதற்கு முன் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர்தானே. அந்த நாயின் பெயர் நிப்பர். 1884-இல் இங்கிலாந்தில் பிறந்த கலப்பு டெரியர். அதை வளர்த்தவரின் சகோதரர் பிரான்சிஸ் பராட் வரைந்த படம்தான் உலகம் முழுக்கப் போனது.

படத்தில் நிப்பர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் டெரியர் அப்படி உட்காராது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நான் இருபது வருடமாகக் காரைக்குடியில் டெரியர் வளர்க்கிறேன். முதலில் ராசு. கம்பி முடி ஃபாக்ஸ் டெரியர். பதிமூன்று வயது வரை இருந்தான். இப்போது சுட்டி, வழவழ முடி ஜாக் ரஸ்ஸல், ஆறு வயதாகிறது. தேவகோட்டையில் என் கொழுந்தியாள் வீட்டில் ஒரு யார்க்ஷயர் டெரியர் இருக்கிறது. அதற்கு முடி வெட்டிவிடுவதும் நான்தான். ஆக இந்த மூன்றையும் என் கையால் சீவி, குளிப்பாட்டி, உண்ணி எடுத்துப் பழகியிருக்கிறேன். அயித்தான் கேட்பதும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான்.

டெரியர் என்ற பெயரே மண்ணிலிருந்து வந்தது. லத்தீனில் டெர்ரா என்றால் மண், பூமி. நரி, எலி, பேட்ஜர் என்று வளைக்குள் ஒளியும் பிராணிகளைப் பின்தொடர்ந்து மண்ணுக்குள் இறங்க வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. பூமிக்கு அடியில் இருட்டில் தனியாக நிற்கும் நாய்க்கு எஜமானின் குரல் கேட்காது. என்ன செய்வது என்று அதுவேதான் முடிவெடுக்க வேண்டும். தான் இருக்கும் இடம் மேலே நிற்கும் ஆட்களுக்குத் தெரியும்படி ஓயாமல் குரைக்க வேண்டும். எதிரே நிற்பது தன்னைவிடப் பெரிதானாலும் பின்வாங்கக் கூடாது. நூறு இருநூறு வருடம் இந்தக் குணங்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஓயாமல் குரைக்கிறது, செம்பருத்திச் செடியடியில் குழி பறிக்கிறது என்று நாம் குறைப்படும் எல்லாமே அந்த வேலைக்காக அதற்குள் வைக்கப்பட்டவை. அடித்தால் போகாது. அதற்கு வேறு வேலை கொடுத்தால் குறையும்.

இந்தக் குணம் மூன்றுக்கும் பொது, அளவுதான் மாறும். ஜாக் ரஸ்ஸலிடம் மிக அதிகம். ஜாக் என்று அழைக்கப்பட்ட ஜான் ரஸ்ஸல் (1795–1883) இங்கிலாந்தில் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்தவர், நரி வேட்டைப் பிரியர். 1819-இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார். அதன் வழியில் வந்ததுதான் இந்த இனம் என்பார்கள். வேட்டையில் நரி எது, நாய் எது என்று குழப்பம் வராமலிருக்க உடம்பு பெரும்பாலும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் எடை ஐந்தாறு கிலோதான் இருக்கும். இந்தச் சின்ன உடம்புக்குத் தினமும் குறைந்தது ஒரு மணி நேர ஓட்டமும் நடையும் தேவை. சுட்டிக்கு அது ஒருநாள் கிடைக்காவிட்டால் மறுநாள் செருப்பில் தெரியும்.

ராசு கொஞ்சம் பெரியவன். ஃபாக்ஸ் டெரியர் 39 சென்டிமீட்டர் வரை உயரமும் எட்டு கிலோ எடையும் வரும். தெருநாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எதிர்த்து நிற்பான். மற்ற நாய்களோடு சண்டைக்குப் போகும் வேகம் மூன்றில் இதற்குத்தான் அதிகம் என்பது என் அனுபவம். மனிதர்களிடம் அத்தனை பிரியம். முகத்தில் தாடி, புருவம், நிமிர்ந்த நடை. தெருவில் போனால் நின்று பார்க்காதவர்கள் கிடையாது. அழகு என்று பார்த்தால் இன்றைக்கும் என் ஓட்டு அவனுக்குத்தான்.

ஆனால் அந்த அழகுக்கு உழைக்க வேண்டும். அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

கம்பி முடி நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே மெத்தென்ற முடி, வெளியே தேங்காய் நார் போல விறைப்பான முடி. வெளிமுடி வளர்ந்து முற்றிய பிறகும் தானாக முழுசாக உதிராது. வேரில் செத்தபடி தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கையால், அல்லது அதற்கென்று உள்ள மழுங்கிய பல் கத்தியால், கொஞ்சம் கொஞ்சமாக முடி வளரும் திசையிலேயே பிடுங்கி எடுக்க வேண்டும். ஸ்ட்ரிப்பிங் என்பது இதுதான். முற்றிய முடியைப் பிடுங்கினால் நாய்க்கு வலிக்காது. ராசு பாதியில் தூங்கிவிடுவான். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் பல மணி நேரம் ஆகும். நான் திண்ணையில் உட்கார்ந்து முதுகு ஒருநாள், கழுத்தும் தோளும் ஒருநாள் என்று ஒரு வாரம் இழுத்துச் செய்வேன். அது போக, தாடிக்கும் கால் முடிக்கும் வாரம் மூன்று தடவையாவது சீப்பு போட வேண்டும். சாப்பிட்ட பிறகு தாடியைத் துடைக்காவிட்டால் நாற்றம் வரும்.

இதை விட்டுவிட்டு மிஷின் வைத்து வெட்டினால் என்ன என்று கேட்பார்கள். நானும் ஒருமுறை வெட்டக் கொடுத்தேன். மதுரையில் ஒரு க்ரூமிங் கடை; கையால் பிடுங்குவது அவர்களுக்குப் பழக்கமில்லை, மிஷின்தான் போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்து வளர்ந்த முடி பஞ்சு மாதிரி வந்தது. கறுப்பும் பழுப்பும் வெளுத்துப் போயின. விறைப்பான வெளிமுடிதான் தண்ணீரையும் அழுக்கையும் தட்டிவிடும் சட்டை. அது போன பிறகு ஐப்பசி மழையில் ஈரம் உடம்போடு ஒட்டிக்கொண்டது, செம்மண் முடிக்குள் அப்பிக்கொண்டது. பழைய முடி திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நாய்க்கு ஆபத்தில்லை, ஆனால் நம் ஊர் மண்ணுக்கும் மழைக்கும் அந்தச் சட்டை இருக்கத்தான் வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கையால் பிடுங்கத் தெரிந்த ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. கம்பி முடி நாய் வாங்குகிறவர் அந்த வேலையைத் தானே கற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். ஆச்சிக்கு விரல் மூட்டில் வலி. அயித்தானுக்குக் கண் கொஞ்சம் மங்கல். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ராசுவின் இனத்தை வேண்டாம் என்றேன். சொல்லும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

வழவழ முடி ஜாக் ரஸ்ஸலில் இந்தப் பாடு இல்லை. வாரம் இரண்டு தடவை ரப்பர் பிரஷால் தேய்த்தால் போதும். குளியல் மாதம் ஒன்று. செம்மண்ணில் புரண்டு வந்தால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்; காய விட்டுத் தட்டினால் மண் தானாக உதிர்ந்துவிடும். ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: முடி சின்னது, அதனால் கொட்டாது என்று நினைப்பது தவறு. வருடம் முழுவதும் கொட்டும். சின்ன வெள்ளை முடி ஊசி மாதிரி வேட்டியிலும் ஜமுக்காளத்திலும் குத்தி நிற்கும், உதறினாலும் போகாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்பதால் பெருக்கினால் வந்துவிடும். விரிப்பு நிறைய உள்ள ஃப்ளாட்டில் இது பெரிய தொல்லை. இதே இனத்தில் சொரசொரப்பான முடியும் பாதி சொரசொரப்பும் உண்டு. குட்டியில் வித்தியாசம் சரியாகத் தெரியாது, தாய் தகப்பனைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். சொரசொரப்பு முடிக்கு மறுபடியும் பிடுங்கும் வேலை வந்துவிடும்.

யார்க்ஷயர் முற்றிலும் வேறு. மூன்று கிலோ சொச்சம்தான் எடை. இங்கிலாந்தின் வடக்கே ஆலைத் தொழிலாளர்கள் எலி பிடிக்க வளர்த்த நாய் என்றால் இன்றைக்கு நம்ப மாட்டார்கள். உள்முடி கிடையாது, நம் தலைமுடி போல ஒரே அடுக்காக, பட்டு மாதிரி நீண்டு வளரும். அதனால் வீட்டில் முடி அதிகம் கொட்டாது. ஆச்சிக்கு அது பிடித்திருந்தது. நீளமாக விட்டால் தினமும் சீவ வேண்டும், ஒரு வாரம் விட்டால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சடை விழுந்துவிடும். நான் கொழுந்தியாள் வீட்டு நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை குட்டையாக வெட்டிவிடுகிறேன், அப்படியும் ஒருநாள் விட்டு ஒருநாள் சீப்பு வேண்டும். பல் இன்னொரு கவலை. சின்ன வாயில் பால்பல் விழாமல் நின்றுவிடும், காரை சீக்கிரம் பிடிக்கும், தினமும் பல் தேய்க்க வேண்டும். மூச்சுக்குழாய் பலவீனமான இனம். கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டாமல் மார்போடு போடும் வார்தான் போட வேண்டும்.

குணத்தில் இது மடி நாய் போலத் தெரிந்தாலும் டெரியர்தான். யார் வந்தாலும் குரைக்கும். ஓட்டம் குறைவாகப் போதும், வயதானவர்கள் பின்னாலேயே சுற்றி வரும். ஃப்ளாட்டில் இருந்திருந்தால் ஆச்சிக்கு நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வளவு வீட்டில் இந்த மூன்று கிலோ நாயை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உயரமான திண்ணை, செங்குத்தான மாடிப்படி, முழங்கால் உயர நிலைப்படிகள். ஒரு குதியில் கால் ஒடியும். எலி கூடப் பரவாயில்லை, தோட்டத்துப் பெருச்சாளி எதிர்த்து நின்றால் கடிபடுவது நாய்தான். மல்லுக்கு நிற்காமல் திரும்பி வரவும் அதற்குத் தெரியாது.

வெஸ்ட் ஹைலாண்ட் வெள்ளை டெரியரும் அயித்தானின் பட்டியலில் இருந்தது. தோல் ஒவ்வாமைக்குப் பெயர் போன இனம், இரண்டடுக்கு முடி. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் வேண்டாம் என்று அதோடு நிறுத்திக்கொண்டேன். சிப்பிப்பாறையோ கன்னியோ வளர்க்கலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அருமையான நாய்கள், சீப்பே வேண்டாம், வெயில் தாங்கும். ஆனால் அவை பார்வையால் துரத்தி ஓடும் வேட்டை நாய்கள். ஓடத் திறந்த வெளி வேண்டும், வளைக்கு முன்னால் காத்துக் கிடக்கும் பொறுமை அவற்றின் வேலை அல்ல. அயித்தான் நடக்கும் நடை அவற்றுக்குப் போதாது.

சரி, எந்த டெரியர் ஆனாலும் இந்த வீட்டில் சிலவற்றைச் செய்தாக வேண்டும். எலிக்காக வைத்த விஷ கேக் ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. அந்த விஷம் தின்ற எலியை நாய் தின்றாலும் ரத்தம் உறையாமல் போகும், சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நாய் இருக்கும்போது விஷம், விஷம் இருக்கும்போது நாய் என்று இரண்டும் சேராது. எலி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டும், வெறிநாய்க்கடி ஊசியோடு. பாம்பு இன்னும் பெரிய விஷயம். விரியனும் நாகமும் எலியைத் தேடித்தான் வரும், டெரியரும் எலியைத் தேடித்தான் போகும். இரண்டும் ஒரே பொந்தில் சந்திக்கும். டெரியர் விலகாது. தோட்டத்து ஓட்டுக் குவியல், விறகு, கருங்கல் அடுக்கு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொன்னேன். இருட்டிய பிறகு தோட்டத்துக் கதவைத் திறக்கக் கூடாது. பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று நாய் வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்ணி நம் ஊரில் பன்னிரண்டு மாதமும் உண்டு. கடித்தால் ரத்தத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் வரும், சின்ன நாய் சீக்கிரம் துவண்டுவிடும். சுட்டியின் உடம்பில் ஒரு உண்ணி இருந்தால் கையை ஓட்டினாலே தட்டுப்படும். ராசுவுக்கு விரலிடுக்கு, காது மடிப்பு, தாடிக்கு அடியில் என்று விளக்கு வைத்துத் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்பதால், வழவழ முடி இங்கேயும் ஜெயிக்கிறது.

குளிப்பாட்டச் சீயக்காயோ நம் ஷாம்போவோ வேண்டாம். நாய்த் தோல் நம் தோலைவிட அமிலத்தன்மை குறைந்தது, வறண்டு அரிப்பு வரும். ஆத்தங்குடிக் கல் வழவழப்பாக இருப்பதால் நகம் நீண்டால் நாய் வழுக்கும், முழங்கால் சில்லு நகர்ந்துவிடும். சின்ன டெரியர்களுக்கு அது ஏற்கெனவே வரக்கூடிய கோளாறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்ட வேண்டும். ஆனால் அதே தரை சித்திரை வெயிலில் நாய்க்குப் பெரிய வரம். மதியம் சுட்டி வயிற்றைக் கல்லில் ஒட்டிக்கொண்டு நான்கு காலையும் விரித்துப் படுப்பதைப் பார்க்க வேண்டும். ஆச்சி கை மணத்துக்கு ஒரு தடை சொல்ல வேண்டியிருந்தது: சின்ன வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு நாய்க்குக் கூடவே கூடாது. ரத்தச் சிவப்பணுவை அழிக்கும். மசாலா போடாமல் அவித்த கறியும் சோறும் தனியாக எடுத்து வைக்க வேண்டும், எலும்பு நீக்கி.

ஆக, வழவழ முடி ஜாக் ரஸ்ஸல் என்று சொன்னேன். ஒரு நிபந்தனையோடு: குட்டி வேண்டாம். இந்த இனம் பதினான்கு பதினைந்து வருடம் இருக்கும். முதல் ஒன்றரை வருடம் அதன் ஆட்டத்துக்கு இளம் வயதுக்காரர்களே மூச்சு வாங்குவார்கள். அறுபதைத் தாண்டிய இருவருக்கு இரண்டு மூன்று வயதான, வீட்டில் வளர்ந்து பழகிய பெட்டை நாய் சரியாக இருக்கும். குட்டிதான் வேண்டும் என்பவர்கள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்கக் கூடாது. 2017-இல் வந்த மத்திய அரசு விதியே அதை விற்கக் கூடாது என்கிறது. தாய் தகப்பன் கண்ணைப் பற்றியும் கேளுங்கள், கண் லென்ஸ் இடம் பெயரும் பரம்பரைக் கோளாறு டெரியர்களில் உண்டு. வெள்ளை அதிகமுள்ள குட்டி என்றால் பின்னால் நின்று கை தட்டி, காது கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

“தாடி வச்ச நாய்தான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு” என்றார்கள் அயித்தான். அந்தப் பக்கமிருந்து ஆச்சி, “தாடியை யாரு சீவுறது?” என்று கேட்டது எனக்கும் கேட்டது. காலையில் ஊரணி வரை போய் வருவது, சாயங்காலம் முற்றத்தைச் சுற்றிப் பந்து போடுவது, இரண்டும் தன் பொறுப்பு என்று அயித்தான் ஒப்புக்கொண்டார்கள். பிரஷும் குளியலும் ஆச்சி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நகம் வெட்ட மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான் கானாடுகாத்தான் போய்விடுவேன்.

திருச்சியில் ஒரு குடும்பம் மகனோடு வெளிநாடு போகிறது, மூன்று வயதுப் பெட்டை ஜாக் ரஸ்ஸலுக்கு நல்ல வீடு தேடுகிறார்கள். வரும் ஞாயிறு பார்க்கப் போகிறோம், சுட்டியையும் கூட்டிக்கொண்டு. அதற்குள் வளவு முற்றத்துத் தண்ணீர் போகும் தூம்புக்கும் பின்வாசல் கதவின் அடி இடைவெளிக்கும் கம்பி வலை அடிக்க ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. ஐந்து கிலோ டெரியர் நுழைய அந்த ஓட்டை தாராளம்.